வெட்கம் மறைத்த நோய்

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்டு, அது எலும்புவரை பரவியிருப்பதாக அவருடைய அலுவலகம் அறிவித்தது. அந்தச் சிறிய அறிக்கையில், இது ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகையாகத் தெரிகிறது, ஆகவே சிகிச்சைக்கு நல்ல வாய்ப்பு உண்டு என்னும் பொருளில் ஒரு வரி இருந்தது. நாளிதழில் படித்தவர்களில் பெரும்பாலோர் அவ்வரியைக் கடந்து போயிருப்பார்கள். எங்கள் வீட்டிலோ அந்தச் சொல் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே குடியேறியிருந்தது.

என் அத்தா, கோவை உக்கடத்துக்கு அருகில் நாற்பது ஆண்டுகள் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். கிணத்துக்கடவு, சூலூர், பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து புகைந்துபோன கிணற்று மோட்டார்கள் அவரிடம் வந்து சேரும். மோட்டாரை முகர்ந்து பார்த்தே எந்தக் காயில் எரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இன்னொருவரின் பொருளில் கோளாறு கண்டுபிடிப்பதில் அவ்வளவு தேர்ந்த மனிதர், தம் உடலில் ஏற்பட்ட கோளாற்றை ஓராண்டுக்கும் மேலாக யாரிடமும் சொல்லவில்லை.

இரவில் ஐந்தாறு முறை எழுவார். அம்மா கேட்டால் முதுமை என்பார். பிறகு தம் கைலிகளைத் தாமே துவைத்து மாடியில் காயப்போடத் தொடங்கினார். அதற்கும் பிறகு, முதல் வரிசையில் நின்று தொழுது பழகியவர் ஜமாஅத்துக்குச் செல்வதை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டார். சிறுநீர் அவரறியாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆடையோடு பள்ளிவாசலின் விரிப்பில் கால் வைக்க அவர் மனம் ஒப்பவில்லை. நடுமுதுகில் வலி கடுமையாகி, நிமிர்ந்து உட்கார இயலாத நாளில்தான் மருத்துவரிடம் வரச் சம்மதித்தார். அப்போது அவருக்கு வயது 71.

இந்த வெட்கத்தை நான் இழிவாகப் பேச வரவில்லை. ஹயா ஈமானின் ஒரு கிளை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நம்மைவிட வெட்கம் மிகுந்தவர்கள், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதில்லை. அலீ (ரலி) அவர்களுக்குத் தம் உடல் தொடர்பான ஓர் ஐயம் எழுந்தது. நபி (ஸல்) அவர்களின் மருமகனாக இருந்துகொண்டு அதை நேரில் கேட்க வெட்கப்பட்டார்கள். எனவே மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்கச் செய்தார்கள். இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் தமக்கிருந்த மூலநோயைச் சொல்லியே தொழுகையைப் பற்றி வினவினார்கள். நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்ற சலுகை நமக்கு அந்த வினாவுக்கான விடையாக வந்தது. இன்று நம் பள்ளிவாசல்களில் நாற்காலியில் அமர்ந்து தொழும் ஒவ்வொரு முதியவரும் ஒரு நபித்தோழரின் கூச்சமற்ற கேள்விக்குக் கடன்பட்டவர்.

மறைப்பது நம் ஊர்ப் பெரியவர்களின் குணம் மட்டுமன்று. அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த லாயிட் ஆஸ்டின், படைத்தளபதியாக இருந்தவர். 2023 டிசம்பரில் இதே நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அவருக்கு என்ன நோய் என்பது அந்நாட்டு அதிபருக்கே 2024 ஜனவரி இரண்டாம் வாரத்தில்தான் தெரியவந்தது. போர்க்களம் கண்ட ஒருவருக்கே அந்தச் சொல்லை வாயால் சொல்வது அவ்வளவு பாரமாக இருந்திருக்கிறது.

அத்தாவின் பி.எஸ்.ஏ. அளவு 112 என்று வந்தது. நான்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. திசுப் பரிசோதனை நோயை உறுதிப்படுத்தியது. எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பிலும் இடுப்பிலும் புள்ளிகள் தெரிந்தன. சிறுநீரகவியல் மருத்துவர் நிதானமானவர். படம் வரைந்து விளக்கினார். அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் படித்து அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

புரோஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றிப் பெருநெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பி. அதன் உயிரணுக்களுக்குள் ஆண்ட்ரோஜன் ஏற்பி என்றொரு புரதம் இருக்கிறது. விதைகளில் உண்டாகும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் இரத்தத்தின் வழியே வந்து உயிரணுவுக்குள் நுழைகிறது. அங்கே ஒரு நொதியால் இன்னும் வீரியமான வடிவமாக மாறி, ஏற்பியில் சென்று பொருந்துகிறது. அதுவரை துணைப் புரதங்களின் பிடியில் சும்மா கிடந்த ஏற்பி விடுபட்டு, உயிரணுவின் உட்கருவுக்குள் புகுந்து, இரண்டிரண்டாக இணைந்து, மரபணுத் தொடரில் குறித்த இடங்களில் அமர்கிறது. வளரவும் பெருகவும் உயிரணுவுக்குக் கட்டளை அங்கிருந்துதான் பிறக்கிறது. பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவும் இதே ஏற்பியின் ஏவலுக்கு உட்பட்டது. ஆகவேதான் சிகிச்சை பலித்தால் அந்த எண் முதலில் இறங்குகிறது.

அத்தா நெடுநேரம் படத்தைப் பார்த்தார். "அப்போ ஹார்மோன் கரண்டு, இந்த ஏற்பி ஸ்டார்ட்டர். அப்படித்தானுங்களே?" என்றார். மருத்துவர் சிரித்து, "அதேதான் பாய்" என்றார். எங்கள் வீட்டில் அதன்பிறகு இந்த நோய் முழுவதும் மோட்டார் மொழியிலேயே பேசப்பட்டது.

படித்தவற்றில் ஒரு செய்தி என்னை நிறுத்தியது. இந்த ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதுவும் தாயிடமிருந்து வருவது. ஆணின் உடலை ஆணாக வளர்க்கும் கட்டளையைக் காதில் வாங்கும் கருவி, ஒவ்வோர் ஆணுக்கும் தாய் கொடுத்த சீர். அத்தாவிடம் இதைச் சொன்னபோது, இறந்து முப்பது ஆண்டுகளாகிவிட்ட தம் தாய்க்காக அங்கேயே கையேந்தி துஆச் செய்தார்.

இந்தப் பிணைப்பை மனிதன் அறிந்த வரலாறும் விந்தையானது. காயடித்த விலங்குகளில் இச்சுரப்பி சுருங்கிப் போவதை, 18-ஆம் நூற்றாண்டிலேயே ஜான் ஹன்டர் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் குறித்து வைத்திருந்தார். 1941-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும், பரவிவிட்ட புரோஸ்டேட் புற்றுநோய்கூட விதைகளை நீக்கினால் அடங்குகிறது என்று காட்டினார்கள். புற்றுநோய் தன்போக்கில் மட்டுமே வளர்வது என்று நம்பியிருந்த மருத்துவ உலகுக்கு அது பேரதிர்ச்சி. 1966-இல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பியின் மரபணு பிரித்தெடுக்கப்பட்டதோ 1988-இல்தான். மின்சாரத்தைத் துண்டித்து மோட்டாரை நிறுத்தியவர்கள், ஸ்டார்ட்டரைப் பார்க்க இன்னும் அரைநூற்றாண்டு ஆனது.

மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, விதை நீக்க அறுவை. ஒரே முறை, செலவு குறைவு, சில மணி நேரத்திலேயே ஹார்மோன் இறங்கிவிடும். மற்றொன்று, மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஊசி. செலவு அதிகம், வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும், ஆனால் உடலில் எதையும் அகற்றுவதில்லை. தொடக்கத்திலேயே இன்னொரு மாத்திரையையும் சேர்த்துத் தருவது இப்போது வழக்கம். அத்தாவுக்கு இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்ததால் அதை ஒத்திவைத்தார்.

வீடு திரும்பிய அத்தா இரண்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

காரணத்தை மூன்று நாள் கழித்து, பட்டறையில் வேறு யாரும் இல்லாதபோது, என்னிடம் ஒரே சொல்லில் சொன்னார்: காயடிக்கிறது. கொங்கு மண்ணில் பிறந்த எவருக்கும் அச்சொல்லின் கனம் தெரியும். திமில் உயர்ந்து, யாரையும் கிட்ட அண்டவிடாமல் நிற்கும் காங்கேயம் காளை, காயடித்தபின் வண்டியில் பூட்டினால் தலை கவிழ்ந்து நடக்கும். தாமும் அப்படி ஆகிவிடுவோம் என்று அஞ்சினார். அத்தோடு மார்க்கம் சார்ந்த அச்சமும் இருந்தது. உஸ்மான் பின் மள்ஊன் (ரலி) அவர்கள் இல்லறம் துறந்து வாழ நாடியபோது நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அனுமதித்திருந்தால் நாங்கள் காயடித்துக்கொண்டிருப்போம் என்று ஸஅத் (ரலி) அவர்கள் சொன்னதாக வரும் ஹதீஸை அவர் பயான்களில் கேட்டிருந்தார். தடுக்கப்பட்ட ஒன்றைச் செய்து ஆயுளை நீட்டிக்க வேண்டுமா என்பது அவர் கேள்வி. ஆலிமிடம் கேட்கலாம் என்றால், இதை எப்படி வாயால் கேட்பது என்றார்.

ஆக, மிக்தாத் (ரலி) அவர்களின் வேலையை நான் செய்தேன். எங்கள் பகுதியின் ஆலிம் ஒருவரிடம், நோயாளி யாரென்று சொல்லாமல் கேட்டேன். அவர் யாரென்று கேட்கவில்லை. அந்தத் தடை, இச்சையை அறுத்துத் துறவு பூணுவதற்கும் படைப்பைக் காரணமின்றிச் சிதைப்பதற்கும் எதிரானது என்றார். அழுகிய காலை வெட்டி உயிரைக் காப்பதை யாராவது தற்சிதைவு என்பார்களா என்று கேட்டார். நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத்; நம்பகமான மருத்துவர் அவசியம் என்று சொன்னால் ஊசியும் ஆகும், அறுவையும் ஆகும் என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, இப்படிப்பட்ட நோயாளிக்குச் சிறுநீர் சொட்டும் தொல்லை இருக்குமே என்று தொடங்கி அதற்கான சட்டத்தையும் சொன்னார். இடைவிடாது சொட்டுகிறவர் ஹனஃபி மத்ஹபின்படி தங்கடம் உடையவர். ஒரு தொழுகையின் வக்து நுழைந்தபின் வுளூச் செய்துகொண்டால், அந்தச் சொட்டினால் அந்த வக்து முடியும்வரை வுளூ முறியாது. உறிஞ்சும் துணி கட்டிக்கொண்டு பள்ளிக்கு வரலாம். மறுநாள் லுஹருக்கு அத்தா பள்ளிவாசலுக்குப் போனார். அறுவையைவிட, ஊசியைவிட, அவரை வாட்டிக்கொண்டிருந்தது இதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஊசியைத் தேர்ந்துகொண்டார். அந்த ஊசியின் கதையும் சொல்லத்தக்கது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து ஒரு சிறிய ஹார்மோன் விட்டுவிட்டு வந்து பிட்யூட்டரிச் சுரப்பியைத் தட்டும்; ஒவ்வொரு தட்டலுக்கும் பிட்யூட்டரி விதைகளை ஏவும். அந்த ஹார்மோனின் அமைப்பை 1971-இல் கண்டறிந்து வெளியிட்டது ஆண்ட்ரூ ஷாலியின் குழு; 1977-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஊசியில் இருப்பது அந்த ஹார்மோனின் போலி. அது விட்டுவிட்டுத் தட்டுவதில்லை, ஓயாமல் தட்டுகிறது. பிட்யூட்டரி முதலில் பதறி ஹார்மோனை ஏற்றும். இரண்டு மூன்று வாரத்தில் சலித்துக் கதவைச் சாத்திவிடும். அந்த முதல் ஏற்றம், முதுகெலும்பில் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்தானது, தண்டுவடம் நசுங்கக்கூடும். அதனால் ஏற்பியை அடைத்துவைக்கும் மாத்திரையை முன்கூட்டியே தொடங்கினார்கள். குடும்பத்தில் யாருக்காவது இந்த ஊசி போடுவதாக இருந்தால், அந்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திடீரெனக் கால்கள் வலுவிழந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

ஆறே மாதத்தில் பி.எஸ்.ஏ. 0.8-க்கு வந்தது. முதுகுவலி போன இடம் தெரியவில்லை. சிறுநீர்த் தொல்லையும் தணிந்தது. ஆனால் விலை இருந்தது. மார்கழி மாதத்துக் கோவைக் குளிரில், நள்ளிரவில், அத்தா வியர்த்துக் கொட்டி எழுந்து மின்விசிறியைப் போடுவார். இரண்டு கம்பளிக்குள் கிடந்த அம்மாவும் எழுவார். உடல் முழுவதும் நெருப்பாய் எரிகிறது, யாரோ அடுப்பைத் திறந்துவிட்டாற்போல இருக்கிறது என்றார் அத்தா. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு மாதவிடாய் நின்னப்போ ரெண்டு வருசம் இதே மாதிரித்தானுங்க இருந்தது. வயசாயிருச்சு, பொறுத்துக்கோன்னீங்க."

அத்தா பதில் சொல்லவில்லை. எழுந்து போய் அம்மாவுக்கு வெந்நீர் வைத்துக்கொண்டு வந்தார் என்று மறுநாள் அம்மாதான் சிரித்துக்கொண்டே சொன்னார். ஐம்பது ஆண்டு இல்லறத்தில் அத்தா அடுப்பங்கரைக்குள் நுழைந்ததை நான் கண்டதில்லை. ஹார்மோன் குறைந்தால் வெப்ப அலை வருவது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. அம்மாவுக்குப் பெண் ஹார்மோன் குறைந்தது, அத்தாவுக்கு ஆண் ஹார்மோன். பெண்களின் மார்பகப் புற்றுநோயிலும், பெரும்பாலானவற்றில், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இதே வேலையைத்தான் செய்கிறது.

தசை இளைத்தது, வயிறு பெருத்தது, களைப்பு வந்தது. எலும்பு நலிவதைத் தடுக்கக் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்து, நடக்கச் சொன்னார்கள். சுபுஹுக்குப் பின் உக்கடம் பெரியகுளக்கரையில் நாள்தோறும் நடக்கிறார். தாம்பத்திய நாட்டம் அற்றுப்போனதை அவர் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மருத்துவர் முன்பே சொல்லிவிட்டிருந்தார். தலை கவிழ்ந்த காளையாக அவர் ஆகவில்லை என்பதை மட்டும் நான் பார்த்தேன். அதே ஆண்டு, எங்கள் தெருவில் இரு சகோதரர்களுக்குள் பதினான்கு ஆண்டுகளாகத் தீராதிருந்த பாகப்பிரிவினையை இரண்டு அமர்வில் பேசி முடித்தவர் அவர்தான். சிறுபிள்ளை முதல் பெரியவர்வரை அவர் சொல்லுக்கு அடங்கினார்கள். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அப்போது ஏறக்குறைய இல்லை.

நான்கு ஊசிகளுக்குப் பின், அவரே மருத்துவரிடம் அறுவைக்கு நாள் கேட்டார். நான் திடுக்கிட்டேன். "மெயினையே கழற்றி வெச்சுட்டா, மூணு மாசத்துக்கு ஒருக்கா ஆள் வந்து ஃப்யூஸ் புடுங்க வேண்டியதில்லைல்ல" என்றார். பணம்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். வற்புறுத்தி ஊசியையே தொடரச் சொல்லியிருப்பேன். அம்மா தடுத்துவிட்டார். முடிவு அவருடையதாக இருக்கட்டும் என்றார்.

2025-இன் பிற்பகுதியில் பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறத் தொடங்கியது. முதலில் 2.1, பிறகு 4.6. விதைகள் இல்லை, டெஸ்டோஸ்டிரோன் இல்லை, பிறகு எப்படி? இங்கேதான் ஏற்பியின் கதை மறுபடி வருகிறது. ஹார்மோனை வற்றவைத்தோம், ஏற்பியை யாரும் தொடவில்லை. பட்டினியில் கிடக்கும் புற்றுநோய் உயிரணுக்களில் சில, ஏற்பிகளைப் பன்மடங்கு பெருக்கிக்கொள்கின்றன. அட்ரினல் சுரப்பியிலிருந்து கசியும் சொற்பமே அவற்றுக்குப் போதும். சில தமக்கு வேண்டிய ஹார்மோனைத் தாமே சமைத்துக்கொள்கின்றன. சிலவற்றில் ஏற்பியின் வடிவம் மாறி, அடைக்க வந்த மாத்திரையையே சாவியாக ஏற்றுக்கொள்கிறது. வேறு சிலவற்றில், ஹார்மோன் பொருந்தும் பகுதியே இல்லாத குட்டை ஏற்பி உருவாகி, யார் ஏவலும் இன்றி எந்நேரமும் இயங்குகிறது.

அத்தாவுக்கு இதை விளக்க நான் தடுமாறவில்லை. அவர் எனக்கு விளக்கினார். மும்முனை மின்சாரம் வராத நேரத்தில், நம் தோட்டக்காரர்கள் கன்டென்சர் மாட்டி, இருமுனையிலேயே மோட்டாரை ஓட்டுவார்களே, அதுதான் முதல் வகை என்றார். கடைசி வகை, ஸ்டார்ட்டரின் பாயிண்ட் ஒட்டிக்கொள்வது; ஆஃப் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும். "பாயிண்ட் ஒட்டிருச்சுன்னா கஷ்டம். கன்டென்சர்னா பாத்துக்கலாம்" என்றார்.

இப்போது தொடங்கியிருப்பது என்சலூடமைடு என்ற மருந்து. இது ஹார்மோனைக் குறைப்பதில்லை. நேரே ஏற்பியில் போய் அமர்ந்து, ஹார்மோனை ஒட்டவிடாமலும், ஏற்பியை உட்கருவுக்குள் செல்லவிடாமலும் தடுக்கிறது. அமெரிக்காவில் 2012-இல் அனுமதி பெற்றது. இந்தியாவில் இதற்கான காப்புரிமை விண்ணப்பம் 2016-இல் நிராகரிக்கப்பட்டதால், உள்நாட்டு நிறுவனங்களின் தயாரிப்பு கிடைக்கிறது. நடுத்தரக் குடும்பம் இதை நினைத்துப் பார்க்க முடிவது அதனால்தான்.

தந்தைக்கு இந்நோய் இருந்தால் மகனுக்கு வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. நானும் என் தம்பியும் ஆண்டுதோறும் பி.எஸ்.ஏ. பார்த்துக்கொள்கிறோம், ஐந்து நிமிட வேலை, ஒரு குழல் இரத்தம். டெல்லி, கொல்கத்தா, புனே, திருவனந்தபுரம் முதலிய பெருநகரங்களில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது முன்வரிசைக்கு வந்துவிட்டது. 2020-இல் உலகெங்கும் 14 இலட்சமாக இருந்த புதிய நோயாளிகள் 2040-இல் 29 இலட்சமாவார்கள் என்று லான்செட் இதழின் ஆணையம் 2024-இல் கணித்தது. ஐம்பதைக் கடந்த ஆண்கள் வீட்டில் இருந்தால், கைலியை யார் துவைக்கிறார்கள் என்று பாருங்கள்.

ரமளான் நெருங்கியபோது அத்தாவின் கவலை வேறாக இருந்தது. நாளொன்றுக்கு நான்கு குளிகைகள், ஸஹரிலா, இஃப்தாரிலா? உணவோடும் விழுங்கலாம், உணவின்றியும் விழுங்கலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும் என்றார் மருத்துவர். களைப்பும் தலைச்சுற்றலும் வரக்கூடும், வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும், மயக்கம் மிகுந்தால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்றும் எச்சரித்தார். அத்தா இஃப்தாரைத் தேர்ந்துகொண்டார். தராவீஹில் நாற்காலி போட்டுக்கொள்ளவும் சம்மதித்துவிட்டார். அடுத்த பி.எஸ்.ஏ. பரிசோதனை ஷவ்வால் பிறை பத்தை ஒட்டி வருகிறது.